பையின் வயிற்றுக்குள் அரைக்கைப்பிடி மணல்

முதலில் விழுந்தது மணல்.

டெய்லர் அண்ணன் அரை பிளேடால் பையின் அடிப்பக்கத்தில் நாலே நாலு தையலைப் பிரித்தார். துணியை இரண்டு விரலால் விலக்கினார். சரசரவென்று மேஜை மேல் கொட்டியது. அரைக்கைப்பிடி இருக்கும். வெள்ளை வெளேரென்று, சர்க்கரை மாதிரி மின்னுகிற மணல். கூடவே ஒரு காய்ந்த இலை, ஒரு புளியங்கொட்டை, எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடிய கொலுசுத் திருகு.

"இன்னா பாப்பா, ஆத்தையே மூட்ட கட்டி எடுத்தாந்துட்டியா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதின்மூன்று வருஷமாக என்னோடு இருக்கிற பை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருப்பார்கள்? வாட்சைத் திறந்து பார்ப்பவர் உண்டு, ரேடியோவைக் கழற்றிப் போட்டு அடி வாங்கியவர் உண்டு. பையைப் பிரித்துப் பார்த்தவர்? வாருங்கள், கிட்ட வாருங்கள். விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறேன்.

இடம், திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு சந்து. எட்டுக்குப் பத்து கடை. வாசலில் ஸ்கூல் பைகள் தோரணம் கட்டியிருக்கின்றன. உள்ளே ஆட்டோ சீட்டுக்கு வந்த ரெக்சின் சுருள், கிழிந்த ஷாமியானா, யாரோ ஒரு வேட்பாளரின் பாதி முகம் தெரிகிற பேனர். மேலே முருகன் கோயில் ஒலிபெருக்கி, எதிரே டீக்கடை. நடுவில் ஒரு பவர் மெஷின். அது ஓடத் தொடங்கினால் டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நம்மிடம் தமிழ், போனில் தெலுங்கு, மெஷினிடம் இரண்டும் கலந்த வசவு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்தச் சந்துக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

பையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் நகரி மலைகள். அவற்றில் ஒன்று மூக்கு வைத்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நகரி மூக்கைக் கடலிலிருந்தே அடையாளம் வைத்துக் கப்பல்காரர்கள் கரையைக் கண்டார்களாம். அந்த மலைத்தொடரின் மடிப்புகளில் தண்ணீர் அறுத்துக்கொண்டு இறங்கிய பள்ளங்களுக்குக் கோனை என்று பெயர். கயிலாச கோனை, சதாசிவ கோனை, இன்னும் தள்ளிப் போனால் தலக்கோனை. நாகலாபுரத்துக் காட்டுக்குள்ளும், தடா என்று நாம் கூப்பிடுகிற உப்பலமடுகுவிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் ஓடை, ஓடை நெடுக மடு, மடுவுக்கு மடு வழுக்குப் பாறை. அதில் நடந்து, நீந்தி, குதித்து, தவழ்ந்து, கயிறு வேண்டிய இடத்தில் கயிறு போட்டு இறங்குவதற்கு ஐரோப்பாவில் கேன்யனிங் என்றும் அமெரிக்காவில் கேன்யனியரிங் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். எட்வார்ட் மார்டெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1905-ல் வெர்டோன் பள்ளத்தாக்கில் இறங்கிய பயணத்தை இந்த விளையாட்டின் ஆரம்பங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். சென்னைப் பக்கம் இந்தப் பைத்தியத்தைப் பரப்பியது, பெல்ஜியத்திலிருந்து இங்கே வந்த பீட்டர் வான் கெய்ட் 2008-ல் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப். சனி ஞாயிறு ஆனால் இளைஞர் கூட்டம் கூட்டமாக எங்கள் எல்லையோரக் கோனைகளில் வந்து விழுந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து, "தலமொறையா மாடு மேச்ச எடத்துக்கு இவனுங்க இன்னாத்துக்குக் காசு குடுத்து வரானுங்க?" என்று கேட்டார்கள். (இப்போது வனத்துறையைக் கேட்காமல் உள்ளே காலை வைக்காதீர்கள். அதைச் சொல்லாமல் விட்டால் என்னைத்தான் திட்டுவார்கள்.)

இந்த விளையாட்டில் நமக்குக் காலில் சிராய்ப்பு, முட்டியில் வீக்கம். அதோடு போச்சு. பைக்கு நடப்பதைக் கேளுங்கள். மடு வந்தால் முதலில் தண்ணீரில் எறியப்படுவது அதுதான். நீச்சல் தெரியாத தோழிக்கு மிதவை அதுதான். வழுக்குப் பாறையில் உட்கார்ந்து சறுக்கும்போது அடியில் பலகை மாதிரி போட்டுக்கொள்வது, வேறு எது? இரண்டு பாறைக்கு நடுவில் சந்து குறுகலாக இருந்தால் ஆள் பக்கவாட்டில் நுழைந்துவிடலாம், பையைக் காலால் உதைத்துத் தள்ள வேண்டும். ராத்திரி தலையணை. சமயத்தில் நாய்க்கும் தலையணை.

இதெல்லாம் எந்தப் பாறை மேல் என்பதுதான் விசேஷம். இந்த மலைகளின் கல்லுக்கே நகரி குவார்ட்சைட் என்று பெயர். மணற்கல் வெந்து இறுகிப்போனால் குவார்ட்சைட். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. உங்கள் வீட்டு அரிவாள்மனைக்கு ஐந்தரைக்குப் பக்கம்தான் வரும். அதாவது இந்தக் கல் அரிவாள்மனையைக் கீறும். இன்னொன்று சொன்னால் சிலிர்த்துப் போவீர்கள். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மனித முன்னோர்கள் கைக்கோடாரி செதுக்கியது குவார்ட்சைட் கூழாங்கல்லில்தான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். 2011-ல் சாந்தி பப்பு குழுவினர் அதன் வயதை அறிவித்தார்கள். கோடாரி செய்யத் தோதான கல் என்று 15 லட்சம் வருஷமாகச் சான்றிதழ் வாங்கிய கல் மேல் ஒரு பையைப் பத்து வருஷம் தேய்த்திருக்கிறேன்.

அதனால் கடைக்குப் போகும்போதே எனக்கு முடிவு தெரியும் என்றுதான் நினைத்தேன். அடித்துணி போயிருக்கும். பாறை தின்றிருக்கும். புது அடி போடச் சொல்ல வேண்டியதுதான்.

அண்ணன் மணலை ஒரு பேப்பரில் தள்ளி ஓரம் வைத்தார். (எதற்கோ! பிறகு சொல்கிறேன்.) அடித்துணியைத் தனியாகக் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். டீக்கடையில் இருந்தவரும் வந்தார். மூன்று பேரும் கிரகணம் பார்க்கிறவர்கள் மாதிரி நின்றோம்.

ஐந்து ஓட்டை. ஊசி முனை அளவில் ஐந்தே ஐந்து. மேலெல்லாம் பஞ்சு பஞ்சாக நரைத்திருந்தது, சாயம் போயிருந்தது, ஆனால் கிழிசல் ஒன்றுகூட இல்லை.

"துணிக்கு இன்னா கேடு? இன்னும் உன் பேரப்புள்ள தூக்கினு போவும்."

டீக்கடையிலிருந்து வந்தவர் விடவில்லை. அவர் பொதட்டூர்ப்பேட்டைக்காரர். அந்தப் பக்கம் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், எல்லை தாண்டினால் நகரி, புத்தூர் என்று எங்கும் தறிச் சத்தம்தான். அங்கே பிறந்த யாரும் ஒரு துணியைக் கண்டால் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உரசினார். நகத்தால் ஒரு இழையை நெம்பிப் பார்த்தார்.

"பாவும் தடி நூலு, ஊடையும் தடி நூலு. இது எத்தினி கவுண்டு?"

ஆயிரம் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆயிரம் கவுண்டு நூல் கண்ணுக்கே தெரியாதே! அப்போதுதான் தப்பு புரிந்தது. பருத்தியில் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜக் கழி எத்தனை வருகிறது என்கிற கணக்கு. எண் ஏற ஏற நூல் மெலியும். நாற்பதைவிட அறுபது சன்னம், அறுபதைவிட நூறு சன்னம். நைலானுக்குப் போடுகிற டெனியர் நேர்மாறு. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிற்கிறதோ அதுதான் டெனியர். எண் ஏற ஏற நூல் தடிக்கும். என் பையின் அடி 1,000 டெனியர் என்றால் அந்த நூலில் 9 கிலோமீட்டர் ஒரு கிலோ எடை நிற்கும். திருத்தணியில் ஒரு முனையைக் கட்டிவிட்டு ரயிலேறினால் நகரி வருவதற்கு முன்பே கண்டு தீர்ந்துவிடும்.

"அட, தலகீழா எண்றானுங்க" என்றார் அவர். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. டீ ஆறிப்போனதையும் மறந்து பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சரி, துணி நன்றாக இருக்கிறது. அப்படியானால் என் பை ஏன் ஒழுகியது? ஏன் நாறியது? ஏன் கடைசியாகப் போன பயணத்தில் தோள்பட்டை நட்டாற்றில் பிய்த்துக்கொண்டு போனது?

இப்போதுதான் நிஜமான உள்விவகாரம். துணியின் உள்பக்கத்தைத் திருப்பினார் அண்ணன். மூன்று பேருமே "அய்யே!" என்றோம்.

வெயிலில் கறுத்து உரிந்த முதுகுத் தோலைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். உள்பக்கம் முழுக்க ஒரு மெல்லிய படலம் சுருள் சுருளாக எழும்பி நிற்கிறது. தொட்டால் விரலில் பிசுபிசு. கொஞ்சம் மோந்து பார்த்தால் நாலு நாள் புளித்த மாவைத் தாண்டிய ஒரு வாடை. இந்த வாடைக்குத்தான் என் அம்மா மூன்று வருஷத்துக்கு முன்னால், "அந்த நாத்தம் புடிச்ச மூட்டைய எடுத்துப் பரண்ல போடு, இல்லன்னா நான் தெருவுல போடுவேன்" என்றாள். பரணில் போட்டேன். வேலை, கல்யாணம், குழந்தை என்று மூன்று வருஷம் பரணிலேயே கிடந்தது.

அந்தப் படலம் பாலியூரித்தேன். நெய்த துணி எதுவானாலும் இழைக்கு நடுவே சந்து இருக்கும், தண்ணீர் நுழையும். அதை அடைக்கத்தான் உள்பக்கம் இந்தப் பூச்சு. லுங்கிப் பாவுக்குக் கஞ்சி போடுகிற மாதிரி என்று பொதட்டூர்ப்பேட்டைக்காரருக்குச் சொன்னேன். கஞ்சி இழைக்கு மிடுக்கு ஏற்ற, இது சந்தை அடைக்க. ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை. கஞ்சியும் தண்ணீரில் போய்விடும், இதுவும் போய்விடும். என்ன, இதற்குக் கொஞ்சம் வருஷம் ஆகும். பைத் துணிகளுக்குப் பூசுகிற பாலியூரித்தேனில் பரவலானது எஸ்டர் வகை. அதன் சங்கிலியில் எஸ்டர் பிணைப்பு இருக்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் புகுந்து வெட்டும். வெட்டினால் அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பை வெட்ட இன்னும் துணை போகும். வட்டிக்கு வட்டி மாதிரி. இதற்குப் பை தண்ணீரில் ஊற வேண்டியதே இல்லை. காற்றிலிருக்கும் ஈரப்பதமே போதும். சூடு சேர்ந்தால் வேகம் கூடும்.

ஈரம், சூடு. இப்போது பரணை நினைத்துப் பாருங்கள். வெளியூர்க்காரர்களுக்குத் திருத்தணி என்றால் இரண்டு காரணத்துக்காகத் தெரியும். ஒன்று முருகன். இன்னொன்று, கோடையில் வானிலை அறிக்கையில் "திருத்தணி, வேலூர்" என்று சேர்த்து வாசிக்கிற நாற்பது டிகிரி. அந்த ஊரில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, காற்றே போகாத பரணில், சரியாகக் காயாத பையை ஒரு பிளாஸ்டிக் கவரில் வேறு சுற்றிக் கட்டி வைத்தேன் நான். வடகிழக்குப் பருவமழை மூன்று, கத்திரி மூன்று. பரணில் ஊறுகாய் போட்டால்கூட இதைவிட அக்கறையாகப் போட்டிருக்க முடியாது.

பத்து வருஷம் கோடாரிக் கல்லில் தேய்த்தபோது பைக்கு ஆனது ஐந்து ஊசி ஓட்டை. மூன்று வருஷம் ஓய்வு கொடுத்தபோது உள்ளே தோலே உரிந்துவிட்டது.

எனக்கு இது எவ்வளவு குதூகலமாக இருந்தது தெரியுமா? நியாயமாக அழ வேண்டும். ஆனால் பீரோவில் பத்திரமாக எடுத்து வைத்த ஷூவை ஐந்து வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், மண்டபத்து வாசலிலேயே அடிப்பாகம் கேக் மாதிரி உதிர்ந்த என் சித்தப்பா கதைக்கு விடை கிடைத்துவிட்டதே! அதுவும் இதே பாலியூரித்தேன், இதே வேலை. குடும்பமே கடைக்காரனைத் திட்டியது. அடுத்த பண்டிகைக்கு இதைச் சொல்லியே ஒரு மணி நேரம் பேசலாம்.

எல்லாப் பூச்சும் இப்படி இல்லை. ஈதர் வகைப் பாலியூரித்தேன் தண்ணீருக்கு நன்றாகத் தாங்கும், விலை கூட. கேன்யனிங் என்றே தனியாகத் தைக்கிற பைகள் பலவற்றில் இந்தச் சண்டையே வேண்டாம் என்று தார்ப்பாய் மாதிரித் தடித்த பி.வி.சி. பூச்சுத் துணியைப் போடுகிறார்கள். எங்கள் லாரிக்காரர்கள் அதைப் பார்த்தால், "இத எடுத்துகினு போயா முதுவுல மாட்டிக்கிறீங்க?" என்பார்கள்.

அண்ணனுக்கு ரசாயனத்தில் அக்கறை இல்லை. அவர் தோள்பட்டை பிய்ந்த இடத்துக்குப் போய்விட்டார்.

"இங்க பாரு. துணி கிழிஞ்சுதா? இல்ல. நாடா அறுந்துதா? இல்ல. நூலு மட்டும்தான் போயிருக்குது."

பார்த்தேன். பெல்ட் நாடா முழுசாக இருக்கிறது. அதைப் பிடித்திருந்த துணியும் முழுசு. நடுவில் வரிசையாக வெறும் ஊசித் துளைகள். அண்ணன் ஒரு துண்டு நூலை எடுத்து இழுத்தார், பட்டென்று போனது. கோனையில் பையைப் பாறையில் இழுக்கும்போது துணியைவிட ஒரு மயிரிழை உயரமாகத் துருத்திக்கொண்டு நிற்பது தையல் நூல்தான். முதலில் கல்லில் படுவது அது. வெயிலும் அதன் மேல்தான். நைலானுக்கு வெயில் ஆகாது. போதாததற்கு நைலான் தண்ணீர் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 4 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வைத்திருக்காது. நனைந்த நைலானின் பலம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். கோனையில் நனையாத நேரம் ஏது?

அப்புறம் அவர் சொன்னது எனக்குப் புதுசு. தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்றுதானே நினைப்போம்? "அப்டி இல்ல பாப்பா. தபால் ஸ்டாம்ப கிழிக்கிற மாதிரி பூடும்." ஊசி போகிற ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. ஓட்டைகள் நெருங்கினால் துணி அந்தக் கோட்டிலேயே பிரியும். அதனால் அவர் தடித்த பாலியெஸ்டர் நூலுக்குப் 18-ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக ஓட்டினார். நாடா வந்து சேரும் இடத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. இழுவை ஒரே கோட்டில் விழாமல் நாலாப் பக்கமும் பிரிந்து போக. பின்பக்கம் ஒரு சின்னத் துண்டு நாடாவைக் கூடுதலாக வைத்தார். சுமை துணியைப் பிடித்துத் தொங்காமல் நாடாவைப் பிடித்துத் தொங்க.

தோள்பட்டைக்குள் இருந்த ஃபோமையும் உருவிப் போட்டார். அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இதைச் செய்துகொண்டே அவர் சொன்னார்: ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் இந்தக் கடையில் காவடிக்குத் தோள் மெத்தை தைக்க வருவார்கள். புஷ்பக் காவடி தூக்கி மலை ஏறுகிறவர்களில் சிலர் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வார்கள், சிலர் இவரிடம் வந்து பட்டையாகத் தைத்துக்கொள்வார்கள். "தொட்டு பஞ்சாட்டம் இருந்தா ஏமாந்துடாத. கெட்டியா இருந்தாத்தான் தோளு தாங்கும்." பஞ்சு மாதிரி இருப்பது கடையில் மாட்டிப் பார்க்கும் ஐந்து நிமிஷத்துக்குச் சுகம், பத்தாவது படியிலேயே நசுங்கிவிடும். மலைக்கு 365 படி. என் தோள்பட்டைக்குள் காவடி மெத்தைக்கு வைத்திருந்த ஃபோம் போயிற்று. இதை நான் எந்த ஊர்க் கடையில் போய்க் கேட்பேன், சொல்லுங்கள்!

முதுகுப் பக்கம் நெடுக்காகப் போகிற அலுமினியப் பட்டை நடுவில் வளைந்திருந்தது. அது நான் ஒருமுறை பை மேல் விழுந்ததில் வந்தது. அண்ணன் அதைப் பலகைக்கு நடுவில் வைத்து மெல்ல நிமிர்த்தி, வளைந்த இடத்தில் ஒரு தகடு வைத்துத் துணி நாடா சுற்றினார். பொதட்டூர்ப்பேட்டைக்காரர் உடனே, "புத்தூர் கட்டு!" என்றார். எலும்பு முறிவுக்கு ஊர் ஊராக ஜனங்கள் தேடிப் போகும் அதே புத்தூர் இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அந்தக் கட்டுக்குப் போடுகிற முட்டைப் பூச்சு மட்டும்தான் பாக்கி.

ஜிப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சீக்கிரமே முடிந்துவிட்டது. பல்லில் ஒன்றும் குறையில்லை. ஓடுகிற ரன்னர்தான் மணல் தின்று வாய் அகன்றுபோயிருந்தது, அதனால் பல்லைக் கடிக்காமல் சும்மா ஓடியது. கொறட்டால் இரண்டு பக்கமும் ஒரு அழுத்து, அவ்வளவுதான். பல் நெடுக ஒரு மெழுகுவர்த்தித் துண்டால் இரண்டு இழுப்பு. ஒரு பையை ஜிப் போச்சு என்று தூக்கிப்போட நினைத்தால், பத்து ரூபாய் ரன்னருக்கு முன்னால் ஒரு கொறட்டை முயற்சி செய்யுங்கள். ரன்னர் மேல் ஒய்.கே.கே. என்று இருந்தது. 1934-ல் ததாவ் யோஷிடா ஜப்பானில் தொடங்கிய கம்பெனி. உங்கள் பேன்ட்டிலும் அனேகமாக அதுதான் இருக்கும், பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம்.

உள்ளே உரிந்த பூச்சை என்ன செய்வது? மறுபடி பூசலாமா என்று கேட்டேன். அண்ணன் யோசிக்கவே இல்லை. பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து, சோப்புத் தண்ணீரில் தோய்த்து, மிச்சமிருந்ததையும் சுரண்டி எடுத்துவிட்டார். "தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு ஏன் அட்டம் புடிக்கிற? வரட்டும். வந்தது வெளிய போவணும், அவ்ளோதான்." உள்ளே இருக்கிற சாமானை உர மூட்டைக்குள் வருகிற பாலித்தீன் உறையில் போட்டு, வாயை முறுக்கி மடக்கிக் கட்டிவிடச் சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்கள் மழையில் நெல்விதை தூக்கிப் போவது இப்படித்தான்.

யோசித்துப் பார்த்தால் கேன்யனிங் பை தைக்கிறவர்களின் அறிவும் இதுதான். 40 லிட்டர் பை. மடுவிலிருந்து ஏறும்போது அதில் பாதிக்குத் தண்ணீர் நின்றால் 20 கிலோ. முதுகில் திடீரென்று ஒரு ஆறு வயதுப் பிள்ளை ஏறி உட்கார்ந்த மாதிரி. என் தோள்பட்டை பிய்ந்ததும் அப்படி ஏறும்போதுதான். நூல் பலவீனம் பாதிக் காரணம், வெளியே போக வழியில்லாமல் நின்ற தண்ணீர் மீதிக் காரணம். அதனால்தான் அந்தப் பைகளின் அடியில் ஓட்டை வைத்தே தைக்கிறார்கள். நல்ல பையில் வேண்டுமென்றே ஓட்டை!

அண்ணன் மூலையில் கிடந்த பேனரை நகர்த்தி, அதன் அடியிலிருந்து ஒரு இரும்பு அச்சை எடுத்தார். பேனரில் கயிறு கட்ட நாலு மூலையிலும் ரிங் அடிப்பார்களே, அந்த அச்சு. ஒரு பித்தளை ரிங்கை வைத்து, சுத்தியால் ஒரே போடு. டணார்! டீக்கடை டம்ளர்கள் துள்ளின. இரண்டாவது, மூன்றாவது. ஆறு அடித்தார். அடித்துணியில் ஆறு பித்தளைக் கண்கள். அந்த வேட்பாளரின் பேனரில் மீதியான ரிங்குகள்தான் என்று நினைக்கிறேன். தேர்தல் முடிந்து அவர் எதற்காவது பயன்பட்டார் என்றால் இதற்குத்தான்.

மறுபடி மூட்டித் தைக்க முக்கால் மணி நேரம். உள்தையல் ஓரமெல்லாம் நாடாவை மடித்து ஓட்டினார், இழை பிரியாமல் இருக்க. வெட்டிய நாடா முனையை லைட்டரில் காட்டிச் சூட்டோடு நசுக்கினார். நானூறு ரூபாய் கேட்டார். நான் ஐந்நூறு கொடுத்தபோது மீதிக்குச் சில்லறை இல்லை என்று ஒரு ஸ்கூல் பை ரெயின் கவரைக் கையில் திணித்தார்.

"இரு, சோதன பண்ணாம எப்டி அனுப்புறது?"

பேப்பரில் ஒதுக்கி வைத்த மணல் ஞாபகம் இருக்கிறதா? அதைத் திரும்ப எடுத்துப் பைக்குள் கொட்டினார்! நான் கத்தியே விட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் வந்தது, இன்னொன்று வந்தது. இரண்டையும் பைக்குள் ஊற்றி, வாயை இறுக்கி, பொதட்டூர்ப்பேட்டைக்காரர் ஒரு தோள்பட்டையும் அண்ணன் ஒரு தோள்பட்டையும் பிடித்து நடுச்சந்தில் தூக்கினார்கள்.

ஆறு கண்ணிலிருந்தும் ஆறு கம்பியாகப் பீய்ச்சியது பாருங்கள்! பள்ளிக்கூடம் விட்டு வந்த இரண்டு வாண்டுகள் கீழே புகுந்து ஓடின. ஒரு நாய் சந்தின் கடைசி வரை போய்த் திரும்பிப் பார்த்துக் குரைத்தது. நான் செல்போனில் விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தாறில் கம்பி சொட்டாகியது, முப்பத்தொன்றில் அதுவும் நின்றது. தையல் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அண்ணன் கையை உள்ளே விட்டுத் துழாவி, வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் நாலைந்து மணல்தான். மீதி கோனை மணலெல்லாம் சந்துச் சாக்கடையோரம் வெள்ளையாகப் படிந்து கிடந்தது.

"வெயில்ல போடாத, நெழல்ல மாட்டு" என்று பையை என்னிடம் நீட்டினார். "பரணு பக்கமே போவாத."

அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சீட் கவர் வாங்க வந்தவர், ஈரச் சந்தையும் எங்களையும் பார்த்துவிட்டு, "இங்க மட்டும் மழ பேஞ்சுதா?" என்றார்.